நனைந்த பஸ் பாஸ்: எழுதுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. எழுத்தில் உத்தி எவ்வளவு, தானாக வருவது எவ்வளவு, அதுவும் எழுதுகிற இடம் தாளில் இருந்து போனுக்கும், போனில் இருந்து குரலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது கதை தானாக வரும், ராத்திரி உட்கார்ந்து எழுதிவிடுவேன். போன மாதம் ஒரு கதைப் பட்டறைக்குப் போனேன். தொடக்கம், முரண், உச்சம், பாத்திர வளர்ச்சி என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் ஒரு வரிகூட ஓடவில்லை. எழுதும்போதே 'இது முரணா, இது உச்சமா' என்று மண்டைக்குள் ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உத்தி கற்றுக்கொண்டால் ஊற்று அடைத்துவிடுமா? பட்டறைக்கு முன்னால் எழுதிய கதை ஒன்றை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், திருப்பூர்

பதில்: இப்போது அடைத்திருக்கிறது என்பது உண்மை. அது நிலைக்காது என்பதும் உண்மை. உங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் புதிதாக உட்காருகிறவரை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதல் வாரம் காலைப் பார்ப்பார், ஊசியைப் பார்ப்பார், மறுபடி காலைப் பார்ப்பார், அதற்குள் துணி கோணிக்கொள்ளும். நான்காவது மாதம் பக்கத்து மெஷின்காரரோடு வீட்டு வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டே தைப்பார், தையல் நேராகப் போகும். நீங்கள் இப்போது முதல் வாரத்தில் இருக்கிறீர்கள். பட்டறை நோட்டைக் கொஞ்ச நாள் பீரோவுக்குள் வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் கதையை வைத்துச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை வாய்விட்டு. அது இப்படித் தொடங்குகிறது: 'வானத்தைக் கருமேகங்கள் சூழ்ந்திருந்தன. அவன் மனதையும் கருமேகங்கள் சூழ்ந்திருந்தன.' இரண்டு பத்தி இப்படியே போகிறது. மூன்றாவது பத்தியின் நடுவில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகிற போக்கில் இந்த இரண்டு வரி வருகிறது: 'ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரில் அப்பாவின் சட்டை இருந்தது. பையில் இருந்த பஸ் பாஸ் இன்னும் ஈரமாக இருந்தது.'

தம்பி, அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அந்தப் பாஸில் இன்னும் எத்தனை நாள் பாக்கி இருந்திருக்கும் என்று என் மனம் போய்விட்டது.

கருமேகமும் உங்களுக்குத் தானாகத்தான் வந்திருக்கும், பஸ் பாஸும் தானாகத்தான் வந்திருக்கும், எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடியிருக்கும். ஆனால் கருமேகம் நீங்கள் நூறு கதையில் படித்தது, கை பழக்கத்தில் எழுதியது. பஸ் பாஸ் நீங்கள் பார்த்தது. தானாக வருவதெல்லாம் உள்ளிருந்து வருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மிகச் சுலபமாக ஓடி வருவது இரவல் சரக்குத்தான், ஏனென்றால் அந்தப் பாதையில் ஏற்கெனவே ஆயிரம் பேர் நடந்து தடம் போட்டிருக்கிறார்கள். எது இரவல், எது சொந்தம் என்று எழுதி முடித்த பிறகு பிரித்துப் பார்க்கத் தெரிவதைத்தான் நான் உத்தி என்று சொல்வேன். முரண், உச்சம் எல்லாம் அதற்கப்புறம்.

இதற்கு நம்மிடமே ஒரு பழைய கருவி இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றம் என்று ஒரு பட்டியல் போட்டார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். அவர் மனதில் இருந்தது இலக்கண நூல், சிறுகதை கிடையாது, இருந்தாலும் அப்படியே பொருந்துகிறது. உங்கள் இரண்டாவது வாக்கியம் கூறியது கூறல். நடுவில் மாமாவின் நிலத் தகராறு மூன்று பத்திக்கு வருகிறதே, அது மற்றொன்று விரித்தல். கடைசியில் 'வாழ்க்கை இப்படித்தான்' என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அதற்குச் சென்று தேய்ந்து இறுதல் என்று பெயர். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த பெயர் அதுதான். ஓடிக்கொண்டிருந்த ஆறு மணலுக்குள் போய் இல்லாமல் போவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இந்தப் பட்டியலை எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுதி, ஒரு வாரம் கண்ணில் படாமல் வைத்து, எட்டாவது நாள் எடுத்து, ஒவ்வொரு பத்தியாக இது பத்தில் எது என்று கேளுங்கள். மண்டைக்குள் கேள்வி கேட்கிறவருக்கும் ஒரு வேலை நேரம் கொடுத்துவிட்டால், மற்ற நேரம் தொந்தரவு செய்ய மாட்டார். உங்கள் கதை பஸ் பாஸில் தொடங்கட்டும். கருமேகம் வேண்டாம், ஈரம் என்று சொன்னதிலேயே மழை வந்துவிட்டது.

கேள்வி: தினமும் எழுதினால்தான் எழுத்தாளரா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை. முடிகிற நாளில் எழுதுங்கள், முடியாத நாளில் முன்பு எழுதியதில் அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். அதுவும் எழுத்து வேலைதான், அதற்குப் பத்து நிமிடம் போதும்.

கேள்வி: ஒரு செயலியில் தொடர்கதை எழுதுகிறேன். 22 அத்தியாயம் வந்திருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கொக்கியில் முடிக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அடுத்ததை யாரும் திறப்பதில்லை. வாசகர்கள் எழுதுகிற கருத்துகளைப் பார்த்துக் கதையும் மாறுகிறது. என் கணவரின் தம்பி 'இதெல்லாம் இலக்கியமே இல்லை அண்ணி' என்கிறார். மனசு கஷ்டமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள். தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்றான கமலாம்பாள் சரித்திரம் 1893-ல் விவேக சிந்தாமணி இதழில் தொடராகத்தான் தொடங்கியது, எழுதிய ராஜம் ஐயருக்கு அப்போது வயது இருபதை ஒட்டித்தான். உ.வே.சா.வின் என் சரித்திரம் 1940-ல் இருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942-ல் அவர் காலமானபோது முடியாமலே நின்றது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. தவணையில் எழுதுவது ஒரு வடிவம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பொன்னியின் செல்வனின் முதல் காட்சியைத் தொழில் கற்றுக்கொள்கிற கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை, கூட்டம், அங்கே குதிரையில் வருகிற வந்தியத்தேவன். அவன் சோழநாட்டுக்குப் புதியவன், ஒன்றும் தெரியாது. வாசகருக்கும் ஒன்றும் தெரியாது. அவன் கேட்கக் கேட்க, அவன் ஒட்டுக்கேட்கக் கேட்க, நமக்கும் கதை தெரிகிறது. சோழ வம்சத்துப் பரம்பரையை முதல் அத்தியாயத்திலேயே விளக்கி உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் அடுத்த வாரம் வந்திருப்பார்கள்? இது பத்திரிகைக்காக, வாராவாரம் படிக்கிறவருக்காகக் கண்டுபிடித்த உத்தி. ஆனால் அந்த ஏரியின் தண்ணீரும் கரையில் நிற்கிற ஜனமும் எழுதிய கல்கியின் உள்ளே இருந்து வந்தவை, கணக்குப் போட்டு அதை எழுத முடியாது.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், 22 அத்தியாயத்தையும் படித்தேன். கொக்கி போடுவதில் தவறில்லை, எந்தக் கொக்கி என்பதுதான் கேள்வி. ஏழு அத்தியாயங்கள் போன் அடிப்பதிலும், நான்கு அத்தியாயங்கள் 'அங்கே அவள் கண்ட காட்சி' என்பதிலும் முடிகின்றன. இதுதான் உங்கள் ஊடகத்தின் கருமேகம். யார் போனில் கூப்பிட்டாலும் கதை ஓடும் என்பதால், யார் கூப்பிட்டார்கள் என்பதே முக்கியமில்லாமல் போய்விடுகிறது. ஆனால் 11-ம் அத்தியாயம், மருமகள் நகையை அடகு வைத்த ரசீதைப் பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடுவதோடு முடிகிறது. போனும் இல்லை, அலறலும் இல்லை. நான் அடுத்ததை உடனே திறந்தேன், அந்த டப்பாவை யார் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது.

கருத்துகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 14-ம் அத்தியாயத்தில் மாமியார் கடுமையாக ஒரு வார்த்தை பேசிவிட, கீழே நாற்பது பேர் அவரைத் திட்டி எழுதியிருந்தார்கள். 15-ல் நீங்கள் அவரை முழு வில்லியாக மாற்றிவிட்டீர்கள். ஆனால் 9-ம் அத்தியாயத்தில் அதே அம்மா, மருமகளுக்குத் தெரியாமல் சிலிண்டர் புக் பண்ணிவிட்டு, பணத்தையும் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, கோயிலுக்குப் போனார். அந்த அம்மா எங்கே? நாற்பது பேருடைய கோபத்துக்காக அவரை நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. வாசகர் கோபப்படட்டும், அது அவர் கதைக்குள் வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம். 9-ம் அத்தியாயத்தை எழுதியவர் நீங்கள்தான், அந்த அம்மாவுக்காகப் பேச வேறு யாரும் இல்லை. 23-ல் அவரைத் திரும்பக் கூட்டி வாருங்கள்.

கேள்வி: என் கதை 1,100 வார்த்தை. பத்திரிகையில் 800-க்குள் கேட்கிறார்கள். வெட்டினால் உயிர் போய்விடாதா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சிறு பத்திரிகையில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஈய எழுத்துக் காலம். அச்சுக் கோக்கிற கம்பாசிட்டர், கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்குவார், ஒரு பக்கம் கட்டி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். ஒரு நாள் சாயங்காலம் என் கதையே அச்சடிக்கக் கட்டிய ஃபாரத்தில் ஏறியிருந்தது, நான்கு வரி மிகுந்துவிட்டது. எதை எடுக்க என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எல்லா வரியும் உயிர். அந்தக் கம்பாசிட்டர் அண்ணன் மை படிந்த விரலை ஓரிடத்தில் வைத்து, இடமும் வலமும் மாறிக் கிடந்த எழுத்துகளை அப்படியே படித்துக் காட்டிச் சொன்னார்: "இந்த நாலு வரியை எடுத்துரலாம் தம்பி, மேலே சொன்னதைத்தான் இங்கேயும் சொல்றீங்க."

அவர் எட்டாவதுக்கு மேல் படித்தவர் இல்லை. ஆனால் என் கதையின் ஒவ்வொரு எழுத்தையும் கையால் தூக்கி வைத்தவர் அவர்தான். மிகையான வார்த்தை எனக்கு வெறும் வார்த்தை, அவருக்கு அது எடையுள்ள பொருள். வெட்டிய பிறகு படித்தேன், அந்த நான்கு வரி இருந்த இடமே தெரியவில்லை.

இப்போது கம்ப்யூட்டரிலும் போனிலும் நான்கு வரி கூடினால் யாருக்கும் கை வலிப்பதில்லை. அந்த எடையை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கதையை ஒரு தடவை கையால் பார்த்து எழுதுங்கள். 1,100 வார்த்தையையும். எந்த வரியை எழுத அலுப்பாக இருக்கிறதோ, எதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று கை சொல்கிறதோ, அதை விட்டுவிடுங்கள். 800-க்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். உயிர் எங்கும் போகாது.

கேள்வி: கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ் தட்டுகிறேன். இதனால் நடை கெடுமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: நடை கெடும் என்று சொல்ல மாட்டேன், நிறைய நல்ல எழுத்து அப்படித்தான் வருகிறது. ஆனால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிப் பாருங்கள் என்று சொல்வேன். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'அம்மா' என்று தட்ட நினைக்கும்போது மனதுக்குள் வேறு மொழியின் எழுத்து வந்து நிற்காது. பதினைந்து நாள் எரிச்சலாக இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் சுகம்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர். கை நடுங்குகிறது, பேனா பிடிக்க முடியவில்லை. பேரன் போனில் பேசினால் எழுத்தாக வருவதைக் காட்டிக்கொடுத்தான். என் ஊர் நினைவுகளை அப்படியே பேசிவருகிறேன், நூறு பக்கத்துக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் படித்துப் பார்த்தால் பேச்சாக இருக்கிறதே தவிர எழுத்தாக இல்லை. இது எழுத்தாகுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, வணக்கம். நூறு பக்கம் பேசியிருக்கிறீர்கள் என்பதைப் படித்ததும் எனக்கு உற்சாகமாக இருந்தது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள் என்று உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். கண்ணதாசன் சொல்லச் சொல்லப் பஞ்சு அருணாசலம் எழுதியிருக்கிறார். வாயால் சொல்லி எழுதுவது நம்மிடம் புதிதில்லை, எழுதிக்கொள்கிறவர் இடத்தில் போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் உண்டு. எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் முகம் மாறுவதைப் பார்த்து நாம் நிறுத்துவோம், வேறு மாதிரி சொல்வோம். போன் எதையும் தலையாட்டாமல் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சொன்னதே திரும்பத் திரும்ப வருகிறது. முடிந்தால் பேரனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள், அவன் 'அப்புறம் தாத்தா' என்று கேட்கிற இடத்துக்கும் கொட்டாவி விடுகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். வகுப்பறையில் எத்தனையோ வருடம் பார்த்ததுதானே.

அப்புறம் திருத்துகிற வேலை. போன் எழுதியதில் முற்றுப்புள்ளி இருக்காது, பள்ளி பல்லியாக ஆகியிருக்கும், வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும். பழைய ஏடுகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், நிறுத்தக்குறியும் கிடையாது. அப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டு, பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பிரித்துத்தான் உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். உங்கள் நூறு பக்கத்தையும் உங்களுக்குக் கிடைத்த ஏட்டுக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே பதிப்பாசிரியர்.

'வந்து', 'அதாவது', 'என்னன்னா' என்று வருவதில் முக்காலே மூணு வீசத்தை எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில், குளத்தில் முங்கிப்போன தோழனைப் பற்றிச் சொல்லும்போது 'அவன் வந்து, அவன் வந்து' என்று இரண்டு தடவை வருகிறது. அங்கே குரல் தடுக்கியிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: முறையாக யாப்புக் கற்றவன், வெண்பா எழுதுவேன். இப்போது ஒரு நிமிட வீடியோக்களுக்குக் கவிதை எழுதித் தருகிறேன், வருமானமும் அதில்தான். யாப்புத் தெரிந்தவன் இப்படி இறங்கிவரலாமா என்று உறுத்துகிறது.
– வாசகர், கோவை

பதில்: பாரதிக்கு யாப்பு நன்றாகத் தெரியும். 1912-ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய பதங்கள், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு உள்ள காவியம் வேண்டும் என்று முகவுரையில் எழுதினார். அந்தக் காவியத்தின் பெரும்பகுதிக்கு அவர் எடுத்துக்கொண்டது நொண்டிச் சிந்து. நொண்டி நாடகங்களில் பாடப்பட்டு ஜனங்களின் காதில் ஏற்கெனவே இருந்த சந்தம். அதில் திரௌபதியின் ஆங்காரத்தை ஏற்றினார். அதை இறங்கி வருவது என்று நான் சொல்ல மாட்டேன். உங்களையும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் உள்ள பெரிய சொத்து, வெண்பா உங்களுக்கு முடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஈற்றடியில் மூன்றே சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். அந்தக் கட்டுக்குள் நின்று பழகியவருக்கு அறுபது விநாடி தாராளமான இடம். நீங்கள் அனுப்பிய ஆறு வீடியோக்களில் ஐந்து, கடைசி வரியில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்து அடிக்கின்றன. கேட்கும்போது கைதட்டத் தோன்றுகிறது, இரண்டாவது தடவை கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஆறாவது, பூக்காரம்மா முழம் அளக்கும்போது கை நீளமாக இருக்கிறவரிடம் வாங்கச் சொல்லித் தன் வாடிக்கையாளரையே பக்கத்துக் கடைக்கு அனுப்புவது. அதில் திருப்பம் இல்லை. மூன்று தடவை கேட்டேன்.

கேள்வி: விளம்பர நிறுவனத்தில் எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் கதை, கவிதை, வசனம் எல்லாம் தருகிறது. இனி உத்தி எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: நானும் கேட்டுப் பார்த்தேன். தந்தையை இழந்த மகனைப் பற்றி ஒரு கதை கேட்டேன், மழையில் தொடங்கிச் சரளமாக வந்தது, பிழையும் இல்லை. மேலே திருப்பூர்த் தம்பிக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்வேன், மிகச் சுலபமாக ஓடி வருவது பலர் நடந்த தடத்தில்தான் ஓடும். அந்தக் கருவி அந்தத் தடத்தை மிக நன்றாக அறிந்திருக்கிறது. அதை நான் இப்படிப் பயன்படுத்துகிறேன்: ஒரு காட்சியை முதலில் நான் எழுதிவிடுவேன், பிறகு அதே காட்சியை அதனிடம் கேட்பேன். என் வரியும் அதன் வரியும் எங்கே ஒத்துப்போகிறதோ, அங்கே என் வரியை அடித்துவிடுவேன். முதல் தடவை பாதிக்கு மேல் அடிபட்டது. அடுத்தடுத்த தடவைகளில் குறைந்து வருகிறது. விளம்பர வாசகத்துக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் உங்கள் போட்டியாளரும் அதே கருவியைத்தான் கேட்டிருப்பார்.

கேள்வி: ஐயா, அம்மம்மா செத்து இரண்டு வருசமாகுது. அண்டைக்கு நான் கண்டதில ஒரு வரி மட்டும் மனசுக்குள்ள நிக்குது: 'அடுப்பில வைச்ச பால் பொங்கி வழிஞ்சுது, ஒருத்தரும் இறக்கேல்லை.' இதுக்கு மேல ஒண்டும் வருகுதில்லை. கதை எழுதுற முறையைப் படிச்சால் இதை வளர்க்கலாமோ? எங்கட பேச்சில எழுதுறதோ, எழுத்துத் தமிழுக்கு மாத்துறதோ எண்டும் தெரியேல்லை.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: 'இறக்கேல்லை' என்பதை மாற்றாதீர்கள், அம்மா. 'யாரும் இறக்கவில்லை' என்று எழுதினால் பொருள் அதேதான், ஆனால் அந்தக் குசினி வாசலில் நின்று பார்த்தவர் அங்கே இருக்க மாட்டார். மற்ற வரிகள் எழுத்துத் தமிழில் வந்தால் வரட்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த வரியை வளர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடமாக அது போகாமல் நிற்கிறது என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது, அதை இழுத்து நீட்டினால் அறுந்துவிடும். ஒரு கொப்பி வாங்குங்கள். அந்த வரியை முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று அதைச் சுற்றிக் கேளுங்கள். பால் யார் வாங்கி வந்தது? அடுப்பில் யார் வைத்தார்கள், யாருக்காக? விறகடுப்பா, கேஸா? பொங்கியபோது மணி என்ன இருக்கும்? வழிந்த மணம் முன் விறாந்தைக்கு வந்ததா, அங்கே இருந்தவர்கள் முகத்தைத் திருப்பினார்களா? நீங்கள் ஏன் இறக்கவில்லை? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது, வராவிட்டால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அந்தப் பானையை அப்புறம் யார் கழுவினார்கள் என்பதையும்.